மண்டலம் 4: கடுங்குளிரைத் தாண்டி வந்த புற்களும் செடிகளும்

செடியின் அட்டையில் பூவின் படத்தைப் பார்ப்பதற்கு முன் நான் பார்ப்பது மண்டல எண்ணை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் குளிர் தாங்கும் வரைபடத்தில் மொத்தம் 13 மண்டலங்கள்; எண் குறையக் குறையக் குளிர் கூடும். ஒவ்வொன்றுக்கும் 10 பாரன்ஹீட் பாகை இடைவெளி. அதை ஏ, பி என்று பாதியாகவும் பிரித்திருக்கிறார்கள். என் தோட்டம் 4ஆம் மண்டலம். ஆண்டின் மிகக் குளிரான இரவுகளைச் சராசரி பார்த்தால் வெப்பநிலை மைனஸ் 29 முதல் மைனஸ் 34 செல்சியஸுக்குள் இருக்கும். 2023இல் வந்த புதிய வரைபடம் 1991 முதல் 2020 வரையிலான பதிவுகளை வைத்து வரையப்பட்டது. நாட்டின் ஏறக்குறைய பாதிப் பகுதி அதில் அரை மண்டலம் வெப்பப் பக்கம் நகர்ந்துவிட்டது. அதை நம்பிச் செடிகளை மாற்ற நான் தயாராக இல்லை. சராசரி என்றாலே அதற்குக் கீழே இறங்கும் ஆண்டுகளும் உண்டு. ஒரே ஓர் இரவு போதும், பல ஆண்டு வளர்ப்பு போய்விடும். அதனால் புதர்களும் மரங்களும் 3ஆம் மண்டலத்துக்கு ஏற்றவை மட்டுமே. எளிதில் மாற்றி நடக்கூடிய சிறு செடிகளில்தான் துணிந்து சோதித்துப் பார்க்கிறேன்.

முதலில் புல்தரை. வெயில் படும் பக்கத்தில் கென்டக்கி புளூகிராஸ், பெரெனியல் ரைகிராஸ் இரண்டையும் தனித்தனிப் பாத்திகளில் விதைத்தேன். ரைகிராஸ் ஒரு வாரத்திலேயே பச்சை பிடித்தது. புளூகிராஸ் முளைக்க இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். ஈரம் காய விடாமல் காத்திருக்க வேண்டும். குளிர்காலம் முடிந்ததும் நிலைமை தலைகீழாகிவிட்டது. ரைகிராஸ் திட்டுத்திட்டாகச் செத்துக் கிடந்தது. புளூகிராஸ் மண்ணுக்கடியில் மட்டநிலத் தண்டுகளை ஓட்டி வெற்றிடங்களைத் தானே அடைத்துக்கொண்டது. இங்கே ரைகிராஸை முழுத் தரையாகப் போடக் கூடாது. கலவையில் சிறு பங்காக, மண்ணைப் பிடித்து வைக்க மட்டும் போதும். மர நிழலில் ஃபைன் ஃபெஸ்க்யூ வகைகளே நிற்கின்றன. அவற்றுக்கு உரமும் தண்ணீரும் குறைவாகவே வேண்டும்.

விதைப்புக்கு ஆகஸ்ட் பிற்பகுதி முதல் செப்டம்பர் நடு வரை நல்ல காலம். மண்ணில் சூடு மிச்சமிருக்கும், காற்று தணிந்திருக்கும், களைகளின் வேகமும் அடங்கியிருக்கும். கடைசி வெட்டில் புல்லை ஐந்தாறு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்து, உதிர்ந்த இலைகளை வாரிவிடுகிறேன். நீண்ட புல் பனிக்கடியில் சாய்ந்து கிடந்தால் பனிப் பூஞ்சணம் பிடிக்கும். சாம்பல் நிறப் பூஞ்சணம் பெரும்பாலும் இலையோடு நின்றுவிடும். இளஞ்சிவப்பு வகை குருத்தடி வரை போய்ப் புல்லையே கொல்லக்கூடியது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அலங்காரப் புற்கள். இவற்றை வாங்குவதற்கு முன் மண்டல எண்ணோடு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: அது குளிர்பருவப் புல்லா, வெப்பபருவப் புல்லா என்பது. கார்ல் ஃபோர்ஸ்டர் என்ற இறகு நாணல் வகை குளிர்பருவப் புல். பனி உருகியதும் துளிர்க்கிறது, கோடைத் தொடக்கத்திலேயே கதிர் விடுகிறது, காய்ந்த பிறகும் பனியில் செங்குத்தாக நிற்கிறது. சில அட்டைகளில் மண்டலம் 4 என்றும் சிலவற்றில் 5 என்றும் போட்டிருப்பார்கள். என் மண்ணில் ஒரு தூர்கூடப் போகவில்லை. அதன் விதைகள் மலடு என்பதால் கண்ட இடத்தில் முளைத்துத் தொல்லை தருவதும் இல்லை.

லிட்டில் புளூஸ்டெம், ஸ்விட்ச்கிராஸ், பிரெய்ரி டிராப்சீட் மூன்றும் வட அமெரிக்கப் புல்வெளிகளின் சொந்தப் பிள்ளைகள். மூன்றும் வெப்பபருவப் புற்கள். மண் சூடேறும் வரை அசையவே மாட்டா. மற்றவை எல்லாம் தழைத்து நிற்கும்போது இவை மட்டும் வைக்கோலாகத் தெரியும். அந்த நேரத்தில் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். தூரின் அடியில் விரல் விட்டுப் பார்த்தால் உறுதியாக இருக்கும். இவற்றை இலையுதிர் காலத்தில் நடுவதோ தூர் பிரிப்பதோ கூடாது, வேர் பிடிக்கும் முன் நிலம் உறைந்துவிடும். லிட்டில் புளூஸ்டெமை வளமான பாத்தியிலும் வறண்ட சரளை மண்ணிலும் வைத்துப் பார்த்தேன். வளமான இடத்தில் கோடை முடிவதற்குள் சாய்ந்து விழுந்தது; சரளையில் நிமிர்ந்து நின்று செம்பு நிறமாக மாறியது. டிராப்சீட் மிக மெதுவாகத்தான் வளரும். ஆனால் அது பூக்கும் நாட்களில் தோட்டமே கொத்தமல்லி விதை வறுத்ததுபோல் மணக்கிறது!

பாம்பாஸ் புல் இங்கே வீண் ஆசை. ஊதா ஃபவுன்டன் புல் 9ஆம் மண்டலத்துக்குரியது, ஒரு கோடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மண்டல எண் சொல்லாத சேதி ஒன்றைத் தெற்குச் சுவர் ஓரம் சொல்லிக்கொடுத்தது. அழகான இலைகளுக்காக வளர்க்கும் ஹியூகெரா செடிகளைச் சுவரோரமும் வீட்டின் வடக்குப் பக்கமும் நட்டிருந்தேன். வடக்கே முப்பது சென்டிமீட்டர் பனி குளிர்காலம் முழுவதும் போர்வையாகக் கிடந்தது. அதனடியில் மண் உறைநிலையைவிடப் பெரிதாகக் குளிரவில்லை, செடிகள் அத்தனையும் பிழைத்தன. தெற்கே பகல் வெயிலில் பனி உருகி, இரவில் ஈரமண் மீண்டும் உறைந்து, உறையும் நீர் செடிகளை வேரோடு மேலே தள்ளிவிட்டது. வெளியே தெரிந்த வேர்கள் காற்றில் காய்ந்து போயின. கதகதப்பான இடத்தில் இருந்தவைதான் செத்தன. இப்போது மூடாக்கை நிலம் நன்றாக உறைந்த பிறகே போடுகிறேன். உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருப்பதுதான் அதன் வேலை.

பூச்செடிகளில் சைபீரியன் ஐரிஸ், டேலிலி, ஹோஸ்டா, லைலாக் நான்குக்கும் கவலையே இல்லை. பியோனிக்குக் குளிர்காலக் குளிர் கட்டாயம் வேண்டும். ஆனால் கிழங்கின் மொட்டுகள் மண்ணுக்குள் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகப் போனால் இலை மட்டும் வரும், பூ வராது. ஹைட்ரேஞ்சியாவில் இன்னும் கவனம் வேண்டும். பெரிய இலை வகை பழைய தண்டில் மொட்டு வைக்கும். அந்த மொட்டுகள் இந்தக் குளிரில் கருகிவிட, செடி மட்டும் பச்சையாக மிஞ்சும். பானிகுலாட்டா, அர்போரெசென்ஸ் என்ற ஹைட்ரேஞ்சியா வகைகள் அந்த ஆண்டுத் துளிரிலேயே பூப்பவை, அவற்றைத்தான் வைத்திருக்கிறேன். கோடை இறுதியில் எந்தப் புதருக்கும் தழைச்சத்து கொடுப்பதில்லை. பகல் குறையக் குறையச் செடி தன் திசுக்களைக் குளிருக்குப் பதப்படுத்திக்கொள்ளும்; அப்போது இளந்துளிரைத் தூண்டிவிட்டால் முதல் உறைபனியே அதைச் சுட்டுவிடும்.

தொட்டிகளுக்கு இரண்டு மண்டலம் கூடுதல் குளிரைத் தாங்குபவையே சரி. தொட்டியின் வேர்களைச் சுற்றி நிலத்தின் கதகதப்பு கிடையாது.

மிஞ்சிய ஹியூகெராக்கள் எல்லாம் இப்போது வடக்குப் பக்கத்தில் இருக்கின்றன. காலியான தெற்குச் சுவரோரம் சரளை கலந்து லிட்டில் புளூஸ்டெம் வைக்கப் போகிறேன். ஸ்விட்ச்கிராஸில் துளிர் தலைகாட்டியதும் தூர் பிரித்து, தண்ணீர் தேங்கும் தாழ்ந்த மூலைக்குக் கொஞ்சம் கொண்டுபோவேன். அந்த ஈரத்தையும் தாங்கும் புல் அது.