கொரடாச்சேரியில் ரயில், நாகையில் கப்பல்

என் தாத்தா 1949-இல் பினாங்குக்கு வந்த கதையில் இரண்டே ஊர்கள்தான் வரும். "கொரடாச்சேரியில ரயில் ஏறினேன், நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினேன்" என்பார். அதற்கு மேல் கேட்டால் ரஜூலா கப்பலில் டெக்கில் படுத்து வந்த கதைக்குப் போய்விடுவார். வெல்ட் கீ துறைமுகத்தில் மூட்டை தூக்கியே பிள்ளைகளை ஆளாக்கியவர், ஒரு முறைகூட ஊர் திரும்பவில்லை. அவர் வந்த பாதையில் அப்பாவை ஒரு தடவையாவது அழைத்துப் போகவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. போன ஜனவரியில்தான் கைகூடியது.

சென்னை எழும்பூரிலிருந்து தஞ்சாவூருக்கு இரவு ரயில், உழவன் எக்ஸ்பிரஸ். எங்களுக்கு ஆர்.ஏ.சி. தான் கிடைத்தது, அதாவது ஒரே சைடு லோயர் படுக்கையை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும். அப்பாவைப் படுக்கச் சொல்லிவிட்டு நான் கால்மாட்டில் உட்கார்ந்தே வந்தேன். தஞ்சாவூரில் இறங்கி, இட்லியும் காபியுமாகப் பசியாறிவிட்டு, காரைக்கால் போகும் பாசஞ்சர் வண்டியைப் பிடித்தோம்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வண்டிதான். நாகையிலிருந்து திருச்சிக்கு 1861-62 வாக்கிலேயே ரயில் வந்துவிட்டது, தென்னிந்தியாவின் பழைய பாதைகளில் இதுவும் ஒன்று. தாத்தா போனபோது மீட்டர் கேஜ், நம் பட்டர்வொர்த் ரயில் இன்றும் ஓடுகிறதே, அதே அகலம். இப்போது இங்கே அகலப்பாதையாக்கிவிட்டார்கள். சாலியமங்கலம், அம்மாபேட்டை, நீடாமங்கலம் என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று போகிறது. இரண்டு பக்கமும் அறுவடைக்குக் காத்திருக்கும் சம்பா வயல், நடுவே வாய்க்கால், கொக்குக் கூட்டம். அப்பா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எங்கள் பேச்சைக் கவனித்துவிட்டு, "எந்த ஊருங்க நீங்க?" என்றார். பினாங்கு என்றதும், "பெனாங்கா! எங்க பெரியப்பா அங்கதான போனாரு" என்று ஆரம்பித்தவர், அவரிடமிருந்து கடிதம் நின்றுபோன கதைவரை சொல்லிவிட்டுத் திருவாரூரில் இறங்கும்போது அப்பாவின் கையில் இரண்டு கொய்யாப்பழத்தைத் திணித்துவிட்டுப் போனார். சென்னையில் பினாங்கு என்றால் சுற்றுலாவா, வேலையா என்று கேட்பார்கள். இந்தப் பக்கம் பினாங்கு என்றால் சொந்தக்காரர் இருக்கும் ஊர்.

கீழ்வேளூர், சிக்கல் தாண்டினால் நாகப்பட்டினம். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில்தான் இதைப் பார்க்கிறார்கள். நம்மவர்கள் அப்படிக் கடந்து போகக்கூடாது என்று நினைக்கிறேன். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் இங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார், சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக்கொடுத்தான். அந்த அரசரைத் தமிழ்ச் செப்பேடு கடாரத்தரையன் என்கிறது. கடாரம் என்றால் நம் கெடா! மேகமில்லாத நாளில் பினாங்கிலிருந்து பார்த்தால் தெரியும் ஜெராய் மலைதான் அதன் அடையாளம். விகாரத்தில் மிஞ்சியிருந்த கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். இன்று பார்க்க ஒன்றுமில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நாகூர் பக்கத்திலேயே இருக்கிறது. தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. ஜார்ஜ்டவுனில் சூலியா தெரு முனையில் இருக்கும் நாகூர் தர்காவைத் தினமும் தாண்டித்தான் அப்பா பள்ளிக்கூடம் போவாராம். இங்கே அண்ணாந்து பார்த்தபடி, "அங்க இருக்கிறது சின்னப் புள்ள, இது தாய்" என்றார்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அதே நாள், அதே அலை பினாங்கிலும் 50-க்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டது. வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கப்பல் எங்கே நிற்கும் என்று அப்பா கேட்டார். அவர் கடலைக் காட்டி, "கரைக்கு வராதுங்க, ஆழம் பத்தாது. தூரத்துல நிக்கும், தோணியில ஏத்திட்டுப் போவாங்க, நான் சின்னப் பையனா இருக்கும்போது பார்த்திருக்கேன்" என்றார். அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கால் தண்ணீர்வரை நடந்து போனார். இருட்டும்வரை நான் கூப்பிடவில்லை.

அடுத்த தை மாதம் அத்தையையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறோம். இந்த முறை கொரடாச்சேரியில் வண்டி நின்ற நேரத்தில் அப்பா வாசலில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. அங்கே இறங்கவேண்டும்.