கையில் பீவா ஏந்திய கலைவாணி

ஹிரோஷிமா பக்கம் மியாஜிமா தீவுக்குப் படகேறும்போது மனசுக்குள் வேண்டுதல் பட்டியல் ஒன்று வைத்திருந்தேன். பத்தே நிமிடப் பயணம். கடலுக்குள் நிற்கும் செந்நிறத் தோரணவாயில் நெருங்க நெருங்கக் கைகள் தாமாகவே குவிந்தன. கற்பூரமரத் தூண்கள் மண்ணில் புதைக்கப்படவில்லையாம், சொந்தக் கனத்திலேயே நிற்கின்றன. தீவே தெய்வம் என்பதால் இத்சுகுஷிமா ஆலயத்தையும் நீர்மேல் எழுப்பினார்கள். நான் போனது நீரேற்ற நேரம். தரைப்பலகைகளின் இடுக்கில் அலை மின்னியது.

இங்குள்ள தேவியைப் பென்சைதென்னாகவும் வழிபட்டார்கள். பென்சைதென் வேறு யாருமல்ல, நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு கடல் கடந்து போனவள். ஜப்பானியர் அவள் கையில் பெரும்பாலும் பீவா என்ற தந்தி வாத்தியத்தைக் கொடுத்திருக்கிறார்கள். 1868இல் ஜப்பானின் பழைய வழிபாட்டு நெறியான ஷிந்தோவையும் பௌத்தத்தையும் அரசு பிரித்ததும் அவள் திருவுருவம் பக்கத்துத் தைகன்ஜி கோயிலுக்குப் போனது. அங்கே நின்று சுலோகம் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது.

இந்த ஆலயத்துக்கு இவ்வளவு பொலிவு தந்தவர் தைரா நோ கியோமோரி. இப்பகுதியின் ஆளுநராக இருந்த சாமுராய். 1164இல் தன் குலத்தாரோடு சேர்ந்து பொன்னும் வெள்ளியும் இழைத்த 33 பௌத்த சூத்திரச் சுருள்களை இங்கே காணிக்கையாக்கினார். 1167இல் நாட்டின் தலைமை அமைச்சர். வாளேந்திய குலத்தில் அதற்கு முன் யாரும் எட்டாத பதவி அது. மகளை மன்னருக்குக் கொடுத்தார். பேரன் அந்தோகு இரண்டு வயது நிரம்புமுன்னே 1180இல் அரியணை ஏறினான்.

அதே ஆண்டு தைராவுக்குப் பகையான மினமோத்தோ குலம் கிளர்ந்தது. எதிரியின் பிள்ளைகளைக் கியோமோரி முன்பு உயிரோடு விட்டிருந்தார். அவர்கள்தாம் படை திரட்டினார்கள். 1181இல் காய்ச்சலில் அவர் இறந்தார். 1183இல் தைரா குலமே தலைநகரை விட்டு ஓடியது.

மறுநாள் ரயிலேறி ஷிமோனோசெகி போனேன். குறுகிய ஜலசந்தி, ஆற்றைப்போல ஓடும் நீர். 1185இல் இந்தத் தான்னோஉராவில் நடந்த கடற்போரில்தான் எல்லாம் முடிந்தது. தோல்வி உறுதியானதும் கியோமோரியின் மனைவி தோகிகோ, ஆறு வயதுப் பேரனோடு கடலில் பாய்ந்தாள். அலைக்கு அடியிலும் ஓர் அரண்மனை உண்டென்று குழந்தையைத் தேற்றினாளாம். அகாமா ஆலயத்தின் வாயிலை அந்தக் கடலடி அரண்மனையாகவே கட்டியிருக்கிறார்கள். குழந்தையைப் பெற்றவளும் குதித்தாள். அவளை மட்டும் எதிரிகள் தலைமுடியைப் பற்றி இழுத்துக் காப்பாற்றினார்கள். மிச்ச நாளைத் துறவியாகக் கழித்தாள். எதைத் தாங்கிக்கொண்டு வாழ்ந்தாளோ!

ஆலயத்தை ஒட்டி அந்தோகுவின் சமாதி. இன்னொரு பக்கம் மரநிழலில் பாசி படிந்த சிறு கற்கள், தைரா குலத்தார் நினைவாக. அருகே ஹோய்ச்சியின் சன்னிதி. கண்பார்வையற்ற அந்தப் பாடகரின் பாட்டைக் கேட்க, மாண்ட வீரர்களே வந்தார்களாம். அவர் கையிலும் பீவா. இந்தக் குலத்தின் வீழ்ச்சியை நூற்றாண்டுகளாகப் பாடிவந்த பார்வையற்ற துறவிகள் எல்லோர் கையிலும் அதே வாத்தியம்தான். தைரா குலத்தார் வாழ்ந்த நாளில் யாரைக் கும்பிட்டார்களோ, அவளுடைய நாதத்தில்தான் இன்றும் இருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது சமாதியின் முன் இன்னொரு முறை நின்றேன். கொண்டுபோன பட்டியல் நினைவுக்கே வரவில்லை. அந்தக் குழந்தைக்காக மட்டும் வேண்டிக்கொண்டேன்.