திட்டுக் கணக்கு: ஸ்கூட்டரில் ஒன்பது நாள்

செப்டம்பர் 5, இரவு
நாளை காலை கிளம்புகிறேன். 125 சிசி ஸ்கூட்டர், நான் மட்டும், ஒன்பது நாள். மீட்டரில் 23,380.

அக்காவிடம் சொன்னபோது எவ்வளவு தூரம், எந்த வழி என்று ஒன்றும் கேட்கவில்லை. "ஆபீஸ் போய்ட்டு வர்ற ஒரு மணி நேரத்துலயே முன்னால போனவன் பின்னால வந்தவன் எல்லாரையும் திட்டிட்டு வர்ற ஆளு நீ. ஒன்பது நாள் யாருடா தாங்குறது?" என்றாள். தனியாகத்தானே போகிறேன், யாரும் தாங்க வேண்டியதில்லை என்றேன். "உன்னை நீ தாங்கணும்ல."

அதனால் ஒரு ஏற்பாடு. சட்டைப் பையில் சின்ன நோட்டு. வாய்விட்டோ மனசுக்குள்ளோ திட்டினால், அடுத்து வண்டியை நிறுத்தும் இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் மணி. குறைத்துக் காட்டுகிறேன் என்று சபதமெல்லாம் இல்லை. சபதத்தை மீறும்போது அதற்காக வேறு ஒரு தடவை திட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். கணக்கு மட்டும்.

கனமான பை கால் வைக்கும் இடத்தில். பாரம் தாழ இருந்தால் வண்டி அலையாது. சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டும் ஸ்பேனரும்தான். அதற்கு நேர் கீழே இன்ஜின், மத்தியானத்தில் அந்தப் பெட்டி அடுப்பு மாதிரி ஆகிவிடும். மாத்திரையும் பவர் பேங்க்கும் வேறு பையில்.

இன்ஜின் சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் வளையம்தான் டிரைவ் பெல்ட். 24,000 கிலோமீட்டரில் அதை மாற்றச் சொல்கிறது சர்வீஸ் புத்தகம். புது பெல்ட் வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். இன்னும் அறுநூறு இருக்கிறதே, கொஞ்சம் கூடினாலும் திரும்பி வந்து மாட்டிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 6. 168 கி.மீ. கோடு 14
ஆறு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். சாவியைத் தேடியே பாதி நேரம் போனது. கிளம்பும்போது 9.40. முதல் கோடு வாசலிலேயே.

முதல் இரண்டு மணி நேரம் செய்த பைத்தியக்காரத்தனத்தை எழுதிவைக்க வேண்டும். தாண்டிப் போன ஒவ்வொரு பைக்கையும் துரத்தினேன். எழுபதில் போகும்போது இந்த வண்டி என்ன சொல்கிறது என்று கேட்கக்கூட இல்லை. எதிரே பெரிய லாரி வந்தால் முதலில் ஒரு தள்ளு, கடந்ததும் ஒரு இழுப்பு. மொத்தமே நூற்றுச் சொச்சம் கிலோ எடை. பைக்கில் என்றால் டேங்க்கை முழங்காலால் இறுக்கிக்கொள்ளலாம், ஸ்கூட்டரில் பிடிக்க ஹேண்டில் மட்டும்தான். அதை இறுக்க இறுக்கத் தோளும் கழுத்தும் மரக்கட்டை. சக்கரமும் சின்னது. பைக் தாண்டிப் போய்விடும் பள்ளத்தில் ஸ்கூட்டர் இறங்கி ஏறுகிறது.

மூன்று மணிக்கு ஒரு மலையைத் திட்டியிருக்கிறேன். நோட்டில் 'மலை' என்றே எழுதியிருக்கிறது. அது பாவம், வெகு காலமாக அங்கேயேதான் இருக்கிறது.

செப்டம்பர் 7. 194 கி.மீ. கோடு 11
இன்று வேகம் ஐம்பதுக்கு மேல் போகவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் வித்தியாசம் தெரிந்தது. கை தளர்ந்தது, வயலில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க முடிந்தது. ஒரு பைக் தாண்டிப் போனபோது கையைக்கூட ஆட்டினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குக் கோடு போடவில்லை.

ஆனால் இரவு நோட்டைப் பிரித்தால் ஒரு விஷயம் முகத்தில் அறைகிறது. நேற்று 14ல் ஒன்பது, இன்று 11ல் எட்டு, எல்லாம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில். காலை எட்டு மணிக்கு ஒரு நாய் குறுக்கே ஓடி உயிரே போய் வந்தது, அதற்குக் கோடு இல்லை. மூன்று மணிக்கு ஒருவர் மெதுவாகச் சாலையைக் கடந்தார், அதற்கு இரண்டு கோடு.

நாயும் மனிதரும் காரணமில்லை போல. அந்த நேரத்தில் நான் எப்படி இருந்தேன் என்று யோசித்தேன். காலையிலிருந்து அரை பாட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காற்று அடிப்பதால் வியர்ப்பதே தெரிவதில்லை, அடிக்க அடிக்கக் காய்ந்துவிடுகிறது. இடுப்பெலும்பு சீட்டில் உட்கார மறுக்கிறது. ஹெல்மெட் கண்ணாடியில் ஒட்டிய பூச்சியெல்லாம் வெயிலில் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. இத்தனையும் சேர்ந்ததைத்தான் 'மூட் சரியில்லை' என்று இத்தனை நாள் பெயர் வைத்திருந்தேன்.

நாளையிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்கு ஓட்டம் முடிவு. ஐம்பது நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம், அலுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அலுத்த பிறகு நிறுத்தினால் அலுப்போடுதான் மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. கண்ணாடி மேல் ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டுவைத்தால் பூச்சி ஊறித் தானே வந்துவிடும், தேய்த்தால்தான் கீறல்.

செப்டம்பர் 8. 121 கி.மீ. கோடு 3
மழை. தூறல் ஆரம்பித்த முதல் கொஞ்ச நேரம்தான் பயம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மேலே மிதந்து வழுக்கும். நல்ல மழை அடித்துக் கழுவிவிட்டால் பிடிமானம் தேவலை. வெள்ளைக் கோடும் இரும்புத் தகடும் மட்டும் எப்போது ஈரமானாலும் சோப்புக்கட்டி.

ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கினேன். ஒரு தாத்தா, பேரன், இரண்டு ஆடு. பையன் மூட்டையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுல எவ்ளோ தூரம் போலாம்?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் தாத்தா, "வண்டி எம்புட்டு தூரமும் போகும்டா. முதுகு போகணும்ல?" என்றார். ஒன்றரை மணி நேரம் அங்கேயே. வேறு நாளாக இருந்தால் போகாத தூரத்தை நினைத்துப் புழுங்கியிருப்பேன். இன்று ஒரு ஆடு என் கையுறையைச் சுவைத்துப் பார்த்து வேண்டாம் என்று முடிவு செய்ததை முழுதாகப் பார்த்தேன்.

செப்டம்பர் 9. 207 கி.மீ. கோடு 4
நல்ல நாள். காலையிலேயே, டயர் சூடேறும் முன், காற்றுப் பார்த்தேன்: முன்னால் 22, பின்னால் 29. ஓடிவந்த சூட்டில் பார்த்தால் கூடுதலாகக் காட்டும், ஏமாந்து இறக்கிவிடுவோம். மீட்டர் 24,000 தொட்டபோது நிறுத்திப் படம் எடுத்தேன். வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 10. 83 கி.மீ. கோடு 1
ஏற்றத்தில், பாதியில், 'பட்' என்று ஒரு சத்தம். பிறகு ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டி நகரவில்லை. மெல்லப் பின்னால் வழிய ஆரம்பித்தது. பிரேக்கைப் பிடித்து ஓரம் கட்டினேன். மீட்டர் 24,153.

பெல்ட். பையில் புதிது இருக்கிறது. அதுதான் கொடுமை.

அக்காவுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மாத்திரையை வாங்கிப் பையில வச்சுக்கிட்டா காய்ச்சல் போயிருமாடா?" என்றாள். அதற்குமேல் அவள் பேசியதை எழுத இடமில்லை.

காய்கறி ஏற்றிப்போன குட்டி வண்டிக்காரர் நிறுத்தினார். நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். ஆறு கிலோமீட்டரில் ஊர். மெக்கானிக் கடை பூட்டியிருந்தது, நாளைக் காலை வருவாராம். தங்க ஒரு அறை கிடைத்தது. இன்று நூறு கோடு விழுந்திருக்க வேண்டும். திட்ட ஆள் யாரும் இல்லை, என்னைத் தவிர. அதற்கு ஒன்று.

செப்டம்பர் 11. ஓட்டமில்லை. கோடு 0
மெக்கானிக் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் கறுப்புத் தேங்காய்நார் மாதிரி கொத்துக் கொத்தாக வந்தது. அறுந்த பெல்ட்டின் நூலும் ரப்பரும். "புது பெல்ட் மாட்டுறது பெரிசில்லண்ணே, இந்தக் குப்பைய முழுசா எடுக்கணும். ஒரு நூல் கிளட்ச்சுல சுத்துனா மறுபடி வருவீங்க" என்றான். பிரஷ், துணி, காற்று. பெல்ட் கவ்வி ஓடும் புல்லியின் (இரண்டு தட்டு சேர்ந்த உருளை) முகத்தில் துளி எண்ணெய் இருக்கக்கூடாது என்று மூன்று தடவை துடைத்தான்.

அடுத்து அவன் செய்ததை உட்கார்ந்து பார்த்தேன். பின் புல்லியின் இரண்டு தட்டையும் ஸ்பிரிங்கை எதிர்த்துக் கையால் விரித்து, பெல்ட்டை உள்ளே ஆழமாக இறக்கினான். அப்போதுதான் முன்பக்கம் தொளதொளவென்று தளர்ந்து கிடக்கும். அப்படி இல்லாமல் முன் நட்டை முறுக்கினால், தட்டு பெல்ட்டைக் கவ்வி அதன்மேல் இறுகும். நட்டு இறுகியதாகத் தோன்றும், ஓட ஓடக் கழன்று ஷாஃப்ட்டின் பல்லைத் தின்றுவிடும். பெல்ட்டின் மேல் உள்ள அம்புக்குறி சுற்றும் திசையில் இருக்கிறதா என்று என்னையே பார்த்துச் சொல்லச் சொன்னான். வெறும் ரப்பர் வளையம்தான் கியர்பாக்ஸ் வேலை முழுவதையும் பார்க்கிறது. நான்கு வருடம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன், முகம் பார்த்தது இன்றுதான்.

நட்டு முறுக்கும் கருவி பக்கத்து ஊருக்கு இரவல் போயிருந்ததால் சாயங்காலம் வரை காத்திருப்பு. நேரம் போகப் படித்தேன். 1946ல் வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர், அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காதாம். எண்ணெய் தெறிக்கிறது, டயர் மாற்றுவது பாடு என்று எரிச்சல். அதனால்தான் இன்ஜினை மூடி, காலுக்கு முன்னால் கவசம் வைத்து, விமானச் சக்கரத்தை மாட்டுவதுபோல முன்சக்கரத்தை ஒரே பக்கத்துத் தண்டில் மாட்டினார். உலகத்தின் சந்தோஷமான வண்டி ஒன்று ஒரு மனிதரின் சலிப்பிலிருந்து வந்திருக்கிறது. அவர் நோட்டில் எத்தனை கோடோ.

இத்தாலியப் பயண எழுத்தாளர் ஜார்ஜோ பெத்தினெல்லி 1992ல் ரோமிலிருந்து வெஸ்பாவில் கிளம்பி மறு வருடம் வியட்நாமின் சைகோன் போய்ச் சேர்ந்தார். ஏறக்குறைய 24,000 கிலோமீட்டர். என் வண்டியும் அதே தூரம் ஓடியிருக்கிறது, வீட்டுக்கும் ஆபீசுக்கும்.

செப்டம்பர் 12. 146 கி.மீ. கோடு 2
இறக்கம். கியர் வண்டி மாதிரி இன்ஜின் பிடித்து நிறுத்தும் என்று நம்பக்கூடாது. வேகம் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும், வண்டி தன்பாட்டுக்கு உருளும். ஆக்ஸிலேட்டரை ஒரு சொட்டு திருகினால் கிளட்ச் மறுபடி பிடிக்கும், கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். மற்றதெல்லாம் பிரேக்தான். பிடித்தபடியே இறங்காமல், விட்டு விட்டு, இரண்டையும் சேர்த்து. நடுவில் லீவர் மிருதுவாகி வாடை வந்ததும் இருபது நிமிடம் நிறுத்தினேன். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம், மேலே வெயில். அவசரப்பட்டிருந்தால் பிரேக் வாடை மட்டும்தான் நினைவிருந்திருக்கும்.

செப்டம்பர் 13. 212 கி.மீ. கோடு 6
எல்லாம் கற்றுக்கொண்டாயிற்று என்ற தெம்பில் மத்தியானமும் ஓட்டினேன். ஆறு கோடும் 2.20க்கு மேல்.

செப்டம்பர் 14. 188 கி.மீ. கோடு 10
மீட்டர் 24,699. பத்தில் ஒன்பது கடைசி இருபது கிலோமீட்டரில், வழக்கமாக ஆபீஸ் போகும் அதே சாலையில். அதே சிக்னல், அதே ஆட்கள், அதே நான்.

அக்கா வந்திருந்தாள். நோட்டைப் பிடுங்கி நின்றபடியே எண்ணினாள். "அம்பத்தொண்ணு. ஒன்பது நாளைக்கு உனக்கு இது கம்மிடா." பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவள் பத்தாம் தேதியில் நின்றாள்.

"பெல்ட் அறுந்த அன்னைக்கு ஒண்ணுதானா? யாரை?"

"என்னைத்தான்."

"அது தப்புக் கணக்கு. நானும்ல திட்டினேன்" என்று என் பையிலிருந்த பேனாவை எடுத்துப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டாள்.