மாடித் தோட்டம் பங்குனியில் தொடங்குகிறது

ஆடி பிறந்ததும் விதைப் பொட்டலமும் வளர்ப்புப் பையும் வாங்கக் கடைக்கு ஓடுவது நம் வழக்கம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று பெரியவர்கள் சொன்னது வயலுக்கு. வயலுக்குக் கீழே படுக்கையறை கிடையாது. மொட்டை மாடியில் செடி வளர்ப்பவர்கள் விதைக்கு முன்னால் தளத்தைப் பார்க்க வேண்டும். அதற்கான மாதம் பங்குனி.

மாடித் தோட்டத்தால் வீடு ஒழுகுகிறது என்று பலர் சொல்வார்கள். தோட்டம் புதிதாக விரிசலை உண்டாக்குவதில்லை. இருக்கிற விரிசலை வருடம் முழுக்க ஈரமாக வைத்திருக்கிறது. மழை மட்டும் பெய்தால் மூன்று மாதம் நனைந்து ஒன்பது மாதம் காயும் தளம், தினமும் தண்ணீர் ஊற்றினால் காய்வதே இல்லை. ஈரம் உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு, இரும்பை விட அதிக இடம் எடுக்கும். அதனால்தான் கீழே விட்டத்துப் பூச்சு முதலில் உப்பி, பிறகு பாளமாக விழுகிறது.

பங்குனியில், அதாவது மார்ச் நடுவிலிருந்து, பைகளை ஒரு பக்கம் ஒதுக்கித் தளத்தைக் கூட்டிக் கழுவுங்கள். கழுவியபின் நின்று கவனிக்க வேண்டும். தளம் வெளுத்துக் காய்ந்துகொண்டே வரும்போது விரிசல் இருக்கும் இடம் மட்டும் கறுத்த கோடாகச் சில நிமிடம் கூடுதலாக நிற்கும். அந்தக் கோட்டின்மேல் உடனே சாக்பீஸ் போட்டுவிடுங்கள். முழுக்கக் காய்ந்தபின் தேடினால் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் கோளாறு இருப்பது நான்கு இடங்களில்: கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தட்டோடுகளுக்கு நடுவே பூசிய சந்து, தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்களின் அடி. தட்டோடு பதித்த தளமாக இருந்தால் ஒவ்வொன்றையும் ஒரு கம்பியால் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றொலி வந்தால் அடியில் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த பூச்சு பூசினாலும் வீண். அந்தத் தட்டோட்டைப் பெயர்த்து எடுத்துத்தான் மறுபடி பதிக்க வேண்டும்.

மயிரிழை விரிசலுக்குக் கடையில் கிடைக்கும் விரிசல் நிரப்பும் பசை போதும். அதைவிட அகலமானதை உளியால் ‘வி’ வடிவில் சுமார் 10 மி.மீ. அகலமும் அதே ஆழமும் வரும்படி வெட்டி, தூசியைத் தூரிகையால் முழுக்க எடுத்து, லேசாக நனைத்து, ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சலித்த மணல், டப்பாவில் சொன்ன அளவு எஸ்.பி.ஆர். லேட்டக்ஸ் (சிமெண்டோடு சேர்க்கும் பால் போன்ற ரப்பர் திரவம்) கலந்த கலவையை அழுத்தி அடைக்கவும். தூசியை எடுக்காமல் அடைப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. ஒரே மழைக்காலத்தில் கலவை குச்சிபோல் தனியே கழன்று வரும். சுவரும் தளமும் சேரும் மூலையைச் செங்குத்தாக விடாமல் கால்வட்டமாகப் பூசச் சொல்லுங்கள். கூர்மையான மூலையில் பூச்சு மெலிந்து முதலில் அங்கேதான் கிழியும்.

பிறகு மேல்பூச்சு. ரப்பர் போல் இழுபடும் அக்ரிலிக் பூச்சுதான் வீடுகளில் அதிகம். முதல் கை தண்ணீர் கலந்து நீர்க்கப் பூசுவது, தளத்தின் நுண்துளைகளுக்குள் இறங்க. அடுத்த இரண்டு கை கெட்டியாக. ஒரு கை கிழக்கு மேற்காகப் பூசினால் அடுத்தது வடக்கு தெற்காக. அப்போதுதான் தூரிகை விட்ட இடம் மூடும். மூலைகளிலும் குழாய் வாயிலும் முதல் கெட்டிக் கை ஈரமாக இருக்கும்போதே கண்ணாடியிழை வலையைப் பதித்து, சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்றிப் பூச வேண்டும். வேலை காலை 10 மணிக்குள், அல்லது மாலை 4 மணிக்கு மேல். உச்சி வெயிலில் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து, அடியில் சிக்கிய ஈரம் கொப்புளமாகக் கிளம்பும்.

இதே காரணத்தால்தான் புரட்டாசியில் அவசர அவசரமாகப் பூச வேண்டாம் என்பது. தளத்துக்குள் ஈரம் இருந்தால், வெயிலில் அது ஆவியாகிப் பூச்சைக் கீழிருந்து தள்ளும். தளம் காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள, இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தாளின் அடியில் நீர்த்துளி இருந்தால் இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். பூசி ஏழு நாள் கழித்து, மழைக்குழாய் வாய்களைத் துணி சுற்றிய பாலித்தீனால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விட்டு, கீழே விட்டத்தைப் பாருங்கள். கொத்தனாருக்கு மீதிக் கூலியை அதற்குப் பிறகு கொடுப்பது நல்லது.

அடுத்து எடை. ஆட்கள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர விதி (ஐ.எஸ். 875) கணக்கில் எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் கொண்ட வட்டப் பையில் ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும். அதில் வெறும் செம்மண்ணை நிரப்பி நனைத்தால் 35 கிலோவைத் தாண்டும். ஒரு சதுர மீட்டரில் நான்கு பை வைத்தாலே வரம்பு முடிந்துவிட்டது. நடக்கும் ஆளுக்கு இடம் இல்லை. தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்று கலந்தால் அதே பை நனைந்தும் 22, 23 கிலோதான் வரும். மாடியில் செம்மண் மட்டும் நிரப்பக் கூடாது என்பது இதனால்தான். 200 லிட்டர் டிரம்மில் முருங்கை வைக்கும் ஆசை இருந்தால், அது தூணுக்கு நேர் மேலே, உத்திரத்தின்மேல் இருக்கட்டும். அறையின் நடுவுக்கு மேலே வேண்டவே வேண்டாம். உண்மையில் முருங்கைக்குத் தரைதான் சரி.

பையை நேராகத் தளத்தில் வைக்காதீர்கள். விளக்குமாறு நுழையும்படி குறைந்தது நாலு அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். செங்கல் நல்லது. இரும்பு ஸ்டாண்டு என்றால் அதன் கால் பூச்சைக் குத்திக் கிழிக்கும். பழைய சைக்கிள் டயரை வெட்டி ஒவ்வொரு காலின் அடியிலும் வையுங்கள்.

தென்னைநார்க் கட்டி 5 கிலோ வாங்கினால் ஊறியதும் 60 லிட்டருக்கு மேல் வரும். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழியாமல் பயன்படுத்தினால் நாற்றின் இலை ஓரம் கருகும். இன்னொரு சிக்கல், நார்க்கழிவு மட்கும்போது தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். செடி வளராமல் மஞ்சளாக நிற்கும். கலவையைச் செய்து நனைத்து 10 நாள் மூடி வைத்துவிட்டு நட்டால் இது குறையும். அப்படியும் வெளுத்தால், 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துப் பைக்கு அரை லிட்டர் ஊற்றலாம். நாற்றம் வரும். பக்கத்து வீட்டில் துணி காயப்போடாத நேரமாகப் பார்த்து ஊற்றுங்கள்.

சித்திரை, வைகாசியில் புதிதாக நடுவதைவிட இருப்பதைக் காப்பாற்றுவதே வேலை. 50 சதவீத நிழல்வலை போதும். தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்தால் உரத்தைத் தேடாதீர்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராத நாட்களில் மகரந்தம் செத்துவிடும், காய் பிடிக்காது. அந்த மாதங்களில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை நிற்கும். மஞ்சளும் இஞ்சியும் வைகாசிக்குள் வைத்துவிட்டால் மஞ்சள் பொங்கலுக்குக் கொத்தோடு கிடைக்கும்.

சொட்டுநீர் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். மாடியில் இருக்கும் தொட்டி பைகளை விட இரண்டு மீட்டர்தான் உயரத்தில் இருக்கும். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம். ஆக உங்களுக்குக் கிடைப்பது 0.2 பார். அழுத்தத்தைத் தானே சமன் செய்யும் விலை உயர்ந்த சொட்டுவான் இதில் சரியாக வேலை செய்யாது. கையால் திருகி அளவு மாற்றும் சாதாரண வகையே போதும். 16 மி.மீ. குழாய், தொட்டி வாயில் ஒரு வலை வடிகட்டி. ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் என்றால் மாதம் ஒருமுறை சொட்டுவான்களைக் கழற்றி வினிகரில் ஊறவையுங்கள்.

பந்தலுக்காகத் தளத்தில் துளை போடாதீர்கள். பங்குனியில் செய்த வேலை முழுதும் அந்த ஒரு துளையில் போய்விடும். 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் ஏழடி ஜி.ஐ. குழாயை நிறுத்தி ஜல்லிக் கான்கிரீட் நிரப்பினால் 45 கிலோ கனத்தில் ஒரு கால் தயார். நான்கு மூலைக்கு நான்கு வாளி. வாளிகளைக் கைப்பிடிச் சுவரை ஒட்டியே வையுங்கள்.

இப்போது ஆடி. கத்தரி, மிளகாய், தக்காளிக்குக் குழித்தட்டில் நாற்று. தக்காளியை 25 நாளிலும் கத்தரியை 30, 35 நாளிலும் மாற்றி நடலாம். வெண்டையை நேராகப் பையிலேயே ஊன்றவும், பைக்கு இரண்டு விதை. 45 நாளில் காய்க்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகிவிடும். பீர்க்கு, பாகல், புடலை பந்தலுக்கு. கொடி அவரையை ஆடியில் போட்டுவிட்டு, புரட்டாசியிலும் பூக்கவில்லையே என்று பிடுங்கிவிடுகிறார்கள். பகல் குறுகினால்தான் அது பூக்கும். பொறுத்தால் கார்த்திகை தொடங்கி மாசி வரை குழம்புக்குப் பஞ்சமில்லை.

கத்தரியில் நுனி மட்டும் வாடித் தொங்கினால் தண்டுத் துளைப்பான் உள்ளே இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓரங்குலம் கீழே வெட்டி, உள்ளே புழு இருக்கிறதா என்று பிளந்து பார்த்து, நசுக்கிப் போடவும். மட்குத் தொட்டியில் போட்டால் அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும். வெண்டை இலை நரம்பு மஞ்சளானால் வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. அதற்கு மருந்து இல்லை, செடியைப் பிடுங்க வேண்டியதுதான். மாவுப்பூச்சிக்கு, ஒரு லிட்டர் வெந்நீரில் முதலில் இரண்டு கிராம் காதி சோப்பைக் கரைத்து, ஆறியதும் 5 மி.லி. வேப்பெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளிக்கவும். சோப்பு இல்லாமல் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசிச் செடிக்கு மட்டும் மொத்தமாகப் போய் இலையைப் பொசுக்கிவிடும்.

புரட்டாசியில் மழைநீர்க் குழாய்களைப் பார்க்க வேண்டும். மணிக்கு 100 மி.மீ. கொட்டும் மழையில் ஒரு நாலு அங்குலக் குழாய் இறக்கக்கூடியது சுமார் 40 சதுர மீட்டர் தளத்து நீரைத்தான். 1,000 சதுர அடி மாடி 93 சதுர மீட்டர். இரண்டு குழாய் போதாது, மூன்று வேண்டும். வாயில் தட்டைச் சல்லடை இருந்தால் ஒரே ஒரு பாதாம் இலை அடைத்துவிடும், குவிந்த சல்லடையாக மாற்றுங்கள். ஒவ்வொரு குழாயிலும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் கீழே எவ்வளவு வேகமாக வருகிறது என்று பாருங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் தொட்டி இருக்கிறது, உள்ளே ஜல்லி மண்ணடைத்துக் கிடக்கிறது. மேல்மணலை வாரி எடுத்து, ஜல்லியைக் கழுவிப் போட வேண்டிய நேரம் இது. சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை, 1,000 சதுர அடி மாடியில் மட்டும் விழுவது 1,30,000 லிட்டர். உரப் பைகள் இருக்கும் தளத்தில் முதல் மழை டீ நிறத்தில் இறங்கும், அதைக் கிணற்றுக்கு விடாமல் வெளியே விடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரவாக்கில் தொடங்கும். அதற்குள் பைகளின் அடித்தட்டுகளை எடுத்துவிட வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும். புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் நிழல்வலையை அவிழுங்கள். காற்றில் அது பாய்மரம், பந்தலோடு போகும். பைகளைச் சுவரோரம் நகர்த்தலாம், ஆனால் குழாய் வாயை மறைக்காமல், ஒரே மூலையில் குவிக்காமல்.

அப்படியும் விட்டம் ஓதம் காட்டினால், மழைக்குள் எந்தப் பூச்சும் பூசாதீர்கள். கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். தண்ணீர் கான்கிரீட்டுக்குள் நகர்ந்து வருவதால் மேலே உள்ள விரிசல் கறைக்கு நேர் மேலே இருக்காது, நாலைந்து அடி தள்ளிக்கூட இருக்கும். கறை எந்தப் பக்கமாக வளர்ந்தது என்பதை வைத்துத்தான் கோடையில் அதைப் பிடிக்க முடியும்.

மழை விட்டதும் செடிகள் வெளுத்திருக்கும், சத்தெல்லாம் கழுவிப் போயிருக்கும். மூன்று நாள் வெயில் பார்த்தபின் பைக்கு இரண்டு கை மண்புழு உரம். மார்கழியும் தையும் சுகமான மாதங்கள்: முள்ளங்கி 45 நாள், பீட்ரூட் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல், கேரட் மூன்று மாதம். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்துப் போட்டால்தான் ஒழுங்காக முளைக்கும். அவரையில் அசுவினிப் பூச்சி வந்தால் முதலில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள்.

மாசியில் காய்ப்பு முடிந்த பைகளைக் கொட்டி வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த மண்ணை மறுபடி காய்கறிக்கு எடுக்கக் கூடாது. மற்றதைத் தார்ப்பாயில் பரப்பி, நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீனால் மூடி ஓரங்களில் கல் வைத்து நான்கு வாரம் வெயிலில் விடவும். பிறகு மூன்றில் ஒரு பங்கு புது உரம் சேர்த்தால் ஆடிக்குத் தயார். பை நின்ற இடத்தில் தளத்தில் பச்சைப் பாசி வட்டம் தெரிந்தால் அங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது. சுற்றிச் சாக்பீஸ் கோடு போட்டு வையுங்கள். பங்குனியில் கொத்தனார் வந்ததும் அந்த இடத்தில் தண்ணீர் வடியும் வாட்டத்தை முதலில் சரிசெய்யச் சொல்லலாம்.