டீசல் கேனும் ஐஎன்எஸ் சக்தியும்

மன்னார்குடி பக்கம் சம்பா அறுப்பு. மிஷின் நிக்காம ஓடணும்னா வரப்புக்கு டீசல் வந்துக்கிட்டே இருக்கணும். நேத்து கேன் தூக்குற வேலை எனக்கு. கடற்படையிலேருந்து லீவுல வந்த அண்ணன் மகன் சிரிச்சான்: "சித்தப்பா, நீங்கதான் இப்ப ஐஎன்எஸ் சக்தி!"

அது போர்க்கப்பலுக்கு நடுக்கடல்லயே எண்ணெய் கொடுக்குற நம்ம கடற்படைக் கப்பல். இத்தாலியில கட்டி 2011ல சேர்ந்தது, 27,500 டன். போர்க்கப்பல் எண்ணெய்க்காகக் கரைக்குத் திரும்ப வேணாம். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஒரே வேகத்துல ஓட, நடுவுல கம்பி கட்டிக் குழாய் போகும். அரிசி, காய்கறி, குண்டு எல்லாம் கம்பியில தொங்கியே போகுமாம். விலகினா குழாய் பிய்ஞ்சிடும். நெருங்கினா நடுவுல ஓடுற தண்ணியே ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு இழுத்துடும். சுக்கான் பிடிக்கிறவன் பாடு!

இப்ப விசாகப்பட்டினத்துல இந்த மாதிரி கப்பல் 44,000 டன்ல அஞ்சு கட்டுறாங்க.

நான் ரெண்டு கேனுக்கே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.