ஏழு கிலோ பையும் பல்பொடி டப்பாவும்

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நாங்கள் பிடித்த மலிவு டிக்கெட்டில் பெட்டிக்கு இடம் கிடையாது. கையில் கொண்டுபோக ஆளுக்கு 7 கிலோ, அதோடு சரி. பெட்டி வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அந்தக் காசுக்குப் பினாங்கில் நன்றாகச் சாப்பிடலாம் என்று கணவர் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். துணி விஷயத்தில் கவலையே இல்லை. வருஷம் முழுக்க வெக்கையும் மழையுமாக இருக்கிற ஊருக்கு ஸ்வெட்டரா எடுத்துப் போகப் போகிறோம்? காட்டன் சுடிதார் சில, அவருக்கு டீஷர்ட், ஒரு மடக்குக் குடை. யோசிக்க வைத்ததெல்லாம் குளியலறைச் சாமான்தான்.

கைப்பையில் திரவம் கொண்டுபோகிற விதி பலருக்கும் பாதிதான் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பிடிக்கிற ஜிப் வைத்த கண்ணாடிப் பைக்குள் அடங்க வேண்டும். இது எல்லோரும் சொல்வது. பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள், அது எவ்வளவு பிடிக்கும் என்றுதான் பார்ப்பார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. 200 மில்லி ஷாம்பு பாட்டிலின் அடியில் கொஞ்சூண்டு இருந்தாலும் குப்பைத் தொட்டிதான். பேஸ்ட், க்ரீம், ஜெல், தைலம், ரோல்-ஆன், ஸ்ப்ரே எல்லாமே திரவக் கணக்கில் சேரும். 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து அட்லாண்டிக் தாண்டிப் போகும் விமானங்களைக் குளிர்பான பாட்டிலில் அடைத்த திரவ வெடிபொருளால் தகர்க்கப் போட்ட சதித் திட்டத்தை பிரிட்டிஷ் போலீஸ் முறியடித்தது. அப்போது வந்த கட்டுப்பாடு இது. புது ரக ஸ்கேனர் வைத்த எடின்பரோ, பர்மிங்ஹாம் விமான நிலையங்களில் 2025 ஜூலை முதல் 2 லிட்டர் வரை விடுகிறார்கள். நம் பக்கம் இன்னும் பழைய கதைதான். உள்நாட்டு விமானத்தில் தண்ணீர் பாட்டிலோடு ஏறிப் பழகியவர்கள் வெளிநாட்டுப் பயணத்தில் முழிப்பது இதனால்தான்.

திருச்சி சோதனை வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றார். மகள் வீட்டுக்குப் போகிறார் போலிருக்கிறது. மஞ்சள் பையிலிருந்து அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் வந்தது. அதிகாரி இந்தியில் ஏதோ சொல்ல, பாட்டி தமிழில், "தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் தம்பி, குடிக்கிறதுக்கு இல்ல" என்றார். பக்கத்தில் நின்ற பெண் ஊழியர் நிதானமாக விளக்கினார். பாட்டி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மூடியைத் திறந்து உள்ளங்கை நிறைய ஊற்றி உச்சியில் வைத்து அழுத்தித் தேய்த்தார். இன்னொரு கை ஊற்றி முழங்காலுக்கு. அப்புறம்தான் பாட்டிலைக் கொடுத்தார். "வீணாப் போகக் கூடாதுல்ல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை.

எங்கள் பைகளில் ஒரு சொட்டு திரவம் கிடையாது. சோதனைக்குப் பயந்து மட்டும் இப்படிச் செய்யவில்லை. விமானம் மேலே ஏறும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் குறையும். பாட்டிலுக்குள் மிச்சமிருக்கிற காற்று விரிந்து, உள்ளே இருப்பதை மூடி வழியாக வெளியே தள்ளும். பாதி காலியான ஷாம்பு பாட்டில் இதனால்தான் ஒழுகுகிறது. ஒழுகினால் எந்தத் துணி மேல் ஒழுகும் என்று சொல்லத் தேவையில்லை, இருப்பதிலேயே நல்லது எதுவோ அதன் மேல்தான்.

சின்ன வயதில் எங்கள் உறையூர் வீட்டுக் குளியலறையில் இருந்ததை நினைத்துப் பார்த்தேன். சோப்பு, சீயக்காய்த்தூள், பயத்தம் மாவு, பல்பொடி, அப்பாவின் சவரப் பெட்டியில் ஒரு படிகாரக் கல். திரவம் என்று இருந்தது எண்ணெய் மட்டும்தான். அந்தப் பட்டியலையே இந்தப் பயணத்துக்கு எடுத்துக்கொண்டேன். எல்லாம் சரிப்பட்டு வந்தது என்று சொல்ல மாட்டேன்.

பல்பொடி வந்தது. கோபால் பல்பொடியை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் அடைத்துக்கொண்டேன். ஈரமான பிரஷை டப்பாவுக்குள் விட்டால் மலேசியக் காற்றின் ஈரப்பதத்தில் ஒரே நாளில் கட்டி கட்டியாகிவிடும். உள்ளங்கையில் கொட்டித் தொட்டுத் தேய்ப்பதுதான் முறை. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நாங்கள் தங்கிய விடுதியில் வாஷ் பேசின் பொதுவானது. காலையில் ரோஸ் நிற நுரையோடு நான் நிமிர்ந்தபோது, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் பயந்துபோய் "ரத்தமா?" என்று கேட்டாள். டப்பாவைக் காட்டினேன். முகர்ந்து பார்த்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்து, கடைசியில் கொஞ்சம் வாங்கிக்கொண்டும் போனாள். பொடியின் நறநறப்பு பல் எனாமலைத் தேய்க்கும் என்று பல் மருத்துவர்கள் சொல்வதால் வீட்டில் தினமும் வைத்துக்கொள்ள மாட்டேன். பயணத்துக்குப் பாதகமில்லை. மென்று தேய்க்கிற பேஸ்ட் மாத்திரையும் இப்போது கிடைக்கிறது. வேலை அதேதான், விலைதான் எங்கேயோ இருக்கிறது.

சோப்புக்கு மெடிமிக்ஸ் சின்னக் கட்டி. பெரிய சோப்பை எடுத்துப் போனால் பாதிக்கு மேல் திரும்ப வரும், அதுவும் ஈரத்தோடு. சின்னக் கட்டி கரைந்து முடிந்ததும் அடுத்ததைப் பிரித்துக்கொள்ளலாம்.

தலைக்கு என்ன செய்வது என்பதில் வீட்டில் சண்டையே வந்தது. சீயக்காய் போதும் என்பது கணவர் கட்சி, அவருக்கு இருக்கிற முடிக்கு அது போதும்தான். விடுதிக் குளியலறையில் சீயக்காய் தேய்ப்பது சிரமம். கரைக்க ஒரு கிண்ணம் வேண்டும், அலசப் பக்கெட்டும் சொம்பும் வேண்டும், அங்கே இருப்பதோ ஷவர் மட்டும். தரையெல்லாம் பழுப்பு, வடிகால் சல்லடையில் திப்பி, வெள்ளைத் துண்டில் கறை. அவர் ஒரு தடவை தேய்த்துக் குளித்துவிட்டு, குளித்ததைவிட அதிக நேரம் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

நான் எடுத்துப் போனது ஷாம்பு கட்டி. இதில் இரண்டு ரகம் உண்டு, வாங்கும்போது லேபிளைப் பார்க்க வேண்டும். ஒன்று, சாதாரண சோப்பையே ஷாம்பு என்று பெயர் மாற்றி விற்பது. உப்புத் தண்ணீரில் இது முடியில் பிசுபிசுவென்று ஒரு படலத்தை விட்டுவிடும். எங்கள் போர்வெல் தண்ணீரில் சோதித்தால் சீப்பு நகராது. இன்னொன்றில் சோடியம் கோகாயில் ஐசெதியோனேட் என்று போட்டிருக்கும், தேங்காய் எண்ணெயின் கொழுப்பிலிருந்து எடுப்பது. அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். கட்டியை நேரே தலையில் தேய்க்காமல், கையில் நான்கு சுற்று சுற்றி நுரையை மட்டும் எடுத்தால் நீண்ட முடிக்கும் பல நாள் வரும். தகர டப்பாவில் வைத்தால் அடிப்பக்கம் கூழாகி ஒட்டிக்கொள்ளும். பினாங்கில் எதுவும் காயாது, துண்டே காயவில்லை. அதனால் கட்டியைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மின்விசிறிக்கு நேரே நாற்காலி முதுகில் கட்டித் தொங்கவிட்டேன். காலையில் மேல்பக்கம் மட்டும் லேசாகப் பொருக்கு கட்டியிருக்கும், பைக்குள் போட அது போதும்.

ஷாம்பு சாஷே எடுத்துப் போயிருக்கலாமே என்பீர்கள். போகலாம், ஆனால் அதுவும் திரவம்தான், ஜிப் பைக்குள் வந்தாக வேண்டும். கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்றதுதான் நம் பக்கத்தில் சாஷேக்கு வழிபோட்டது. பயணத்துக்கு அதைவிடக் கச்சிதமான பொருள் ஏது என்று பல தடவை நினைத்திருக்கிறேன். அந்த ஜிப் பையை நான் காலியாக விட்டதற்கு வேறு காரணம் இருந்தது, பின்னால் சொல்கிறேன்.

பயத்தம் மாவு முகத்துக்கு. ஃபேஸ்வாஷ் இல்லாத குறையே தெரியவில்லை. மாவு, பொடி எதுவானாலும் கடை பாக்கெட்டிலேயே எடுத்துப் போவது நல்லது. பெயரில்லாத பிளாஸ்டிக் உறையில் வெளிர் மஞ்சள் தூள் இருந்தால் யாராக இருந்தாலும் பிரிக்கத்தான் சொல்வார்கள். அமெரிக்காவுக்குப் போகிறவர்கள், 350 மில்லி அளவுக்கு மேல் பொடி இருந்தால் தனிச் சோதனை உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், 2018 முதல் இருக்கிறது. சிங்கப்பூருக்கு மசாலாச் சாமான் கட்டுகிறவர்களுக்கு ஒன்று: கசகசா கூடவே கூடாது, அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது.

இந்தப் பயணத்தில் என்னைக் கவர்ந்த பொருள் படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் ஒரு துண்டு வாங்கி வழவழப்பாகத் தேய்த்து வைத்துக்கொண்டால் போதும். அவருக்கு ஷேவ் செய்த பிறகு தடவ, எனக்கு அக்குளுக்கு. ஈரமான தோலில் நான்கு இழுப்பு இழுத்தால் லேசாகச் சுருக்கென்று பிடிக்கும். வேர்வையை இது நிறுத்தாது, நாற்றத்தை உண்டாக்குகிற கிருமியைத்தான் அடக்கும். கோலாலம்பூர் பக்கத்துப் பத்து மலை முருகன் கோயிலில் 272 படி ஏறியபோது சுடிதார் தொப்பலாக நனைந்துவிட்டது. ஆனால் திரும்பி வந்த ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போகவில்லை. தண்ணீர் பட்ட கல்லைத் துடைத்து வைக்க வேண்டும், கீழே போட்டால் சில்லு சில்லாக உடைந்து கையைக் கிழிக்கும். திருஷ்டிக்காகக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கடை வாசலில் தொங்கவிடுவதும் இதே கல்தான் என்பதால், சோதனையில் யாராவது கேட்டால் எந்தப் பயன்பாட்டைச் சொல்வது என்று அவர் கிண்டல் செய்துகொண்டே வந்தார். யாரும் கேட்கவில்லை.

வாசனைக்கு ஜவ்வாதுப் பொடி. விரல் நுனியில் ஒரு சிட்டிகை, காலரின் உள்பக்கம். அவருடைய சவர க்ரீமுக்குப் பதில் ஒரு வட்ட சோப்பும் சின்ன பிரஷும். ரேசர் கார்ட்ரிட்ஜ் வகை என்றால் கைப்பையில் விடுவார்கள், தனி பிளேடு கூடாது.

எண்ணெய்க்கு மட்டும் மாற்று கிடையாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில்தான் இளகும், அதற்குக் கீழே கட்டியாக இருக்கும். உறைய வைத்துக் கொண்டுபோனால் திடப்பொருள்தானே என்று சட்டம் பேசும் நண்பர்கள் உண்டு. திருச்சி வெயிலில் விமான நிலையம் போய்ச் சேருவதற்குள் அது என்னவாகும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. கட்டியாகவே இருந்தாலும், பூசுகிற பொருள் என்று திரவக் கணக்கில்தான் வைப்பார்கள். நாங்கள் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ் மளிகைக் கடையில் சின்ன பாட்டில் வாங்கிக்கொண்டோம். கடைக்காரர் பொடி, சோப்பு, சாம்பிராணி எல்லாம் எடுத்துக் காட்டினார். ஊரில் கிடைக்கிற எல்லாம் அங்கேயும் இருக்கிறது. பிறகு எதற்கு இவ்வளவு சுமந்தாய் என்று கேட்டால், விமானம் ராத்திரியில் கொண்டுபோய் இறக்கும், அந்த முதல் குளியலுக்குக் கடை திறந்திருக்காது. சன்ஸ்க்ரீனும் கொசு க்ரீமும் கோலாலம்பூரிலேயே மருந்துக் கடையில் வாங்கிப் பயன்படுத்தி, மிச்சத்தை விடுதியிலேயே வைத்துவிட்டு வந்தோம். அடுத்து வருகிறவர்களுக்கு ஆகும்.

இப்போது அந்த ஜிப் பை விஷயம். கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து திருச்சிக்குத் திரும்புவதாகத் திட்டம். சிங்கப்பூர் போகிறோம் என்று தெரிந்த அன்றே சொந்தக்காரர்கள் கேட்டுவிட்டார்கள், கோடாலித் தைலம். 1928இலிருந்து அந்த ஊரில் தயாராகிறது, நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தலைவலி முதல் மூக்கடைப்பு வரை அதுதான். பெரிய பாட்டில் 56 மில்லி, 100 மில்லிக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு லிட்டர் பையில் அட்டைப் பெட்டியோடு திணித்தால் சிலதுதான் போகும், பெட்டியைக் கழற்றி வெறும் பாட்டிலாக அடுக்கினால் இன்னும் சில. ஒரு லிட்டர் என்பது ஆளுக்கு ஆள் தனிக் கணக்கு. எங்களிடம் வேறு திரவமே இல்லாததால் இரண்டு பேர் பையும் முழுக்கத் தைலத்துக்குத்தான். எண்ணெய் மிச்சத்தை அன்று காலை தலைக்கு வைத்துத் தீர்த்தாயிற்று.

சாங்கி விமான நிலையத்தின் முதல் மூன்று முனையங்களில் கைப்பைச் சோதனை நுழைவாயிலில் கிடையாது, விமானம் ஏறுகிற கேட்டில்தான். குடியேற்றச் சோதனை தாண்டி உள்ளே வாங்கிய தண்ணீர் பாட்டிலும் அங்கே தடுக்கப்படும், அதனால் வாசலில் நின்று மடமடவென்று குடிக்கிற கூட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். திருச்சி விமானத்துக்கான கேட்டில் ட்ரே ட்ரேயாகத் தைலப் பைகள் நகர்ந்தன. சோதனைக்கு நின்ற சீனப் பெண்மணி எங்கள் பையைத் தூக்கி ஒரு தடவை எண்ணிப் பார்த்தார், ஜிப் மூடுகிறதா என்று இழுத்துப் பார்த்தார், போகச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் வந்தவர் பையில் ஜிப் மூடவில்லை. அவருக்கு இரண்டு பாட்டில் அதிகம். திரும்பி என் கணவரிடம், "அண்ணே, உங்க பையில எடம் இருக்கா?" என்றார்.

ஊரில் பெரியம்மா பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதையே இங்கே பர்மா பஜாரில் விற்கிறானே என்றார். ஆனாலும் இன்னொன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.