நடக்காத முக்கோணமும் முதிரைக் கட்டையும்

இந்த மாரி முழுக்க எனக்கு ஒரே பைத்தியம், நோட்பாடில் அடிக்கோடு, சாய்கோடு, அடைப்புக்குறி மட்டும் வைத்துக் கண்ணை ஏமாற்றும் படம் கீறுவது. மாங்குளத்தில் மழை பிடித்தால் பின்னேரம் வெளியில் போக ஏலாது, லப்டொப்பில் சார்ஜ் இருக்கும் மட்டும் கீறலாம்.

சுகமானது முதலில்:

<---------->
>----------<

நடுக்கோடு இரண்டிலும் ஒரே நீளம், எண்ணிப் பாருங்கள். 1889இல் முல்லர்-லையர் என்ற ஜேர்மன்காரர் வெளியிட்டது. இதில் கீறுவதற்கு ஒன்றுமில்லை, விடுவோம்.

ஒரு முனையில் மூன்று கால், மறுமுனையில் இரண்டு கால் இருக்கும், முள்ளுக்கரண்டி போன்ற அந்த நடக்காத கவர்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மொத்தம் 6 கோடுகள். இந்தப் பக்கம் இரண்டிரண்டாகச் சேர்த்து மூடினால் மூன்று உருண்டைக் கம்பி. அந்தப் பக்கம் மூன்று மூன்றாகச் சேர்த்தால் இரண்டு சதுரச் சட்டம், ஏனென்றால் சட்டத்தின் முன்பக்கமும் மேற்பக்கமும் தெரிவதற்கு மூன்று விளிம்பு வேணும். கோட்டை நல்லா நீட்ட வேணும். குட்டையாகக் கீறினால் இரண்டு முனையும் ஒரே பார்வையில் விழுந்து குட்டு உடைந்துவிடும்.

நடக்காத முக்கோணத்துக்கு வருவோம்: மூன்று சட்டம் மூலைக்கு மூலை செங்கோணமாகப் பொருந்தி மூடுவதுபோலத் தெரியும், ஆனால் நிஜத்தில் அப்படி மூடாது. 1934இல் சுவீடனில் ஒஸ்கார் ரொய்ட்டர்ஸ்வார்ட் பள்ளிக்கூடப் பெடியனாக இருந்தபோது 9 கனசதுரங்களால் அதைக் கீறினார். 1958இல் பென்ரோஸ் தகப்பனும் மகனும் கட்டுரையாக எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. எழுத்தால் கீற இது கஷ்டம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், ஆனால் ஒரே அகல எழுத்துருவில் ஒரு எழுத்தின் உயரம் அகலத்தைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதனால் சாய்கோடு தானாகவே 60 பாகைக்குக் கிட்டச் சாய்கிறது, முக்கோணத்துக்கு வேண்டியதும் அதுதான். 45 பாகை கேட்கிற பெட்டிப் படங்கள்தான் உண்மையில் கரைச்சல். இன்னொன்று, அடிக்கோடு தன் வரிசையின் அடியில் ஒட்டி நிற்கும், ஆகவே மேல்விளிம்பை ஒரு வரிசை மேலே போட வேணும். தமிழ் எழுத்தால் கீற ஆசைதான், 'ர'வும் 'ண'வும் ஒரே அகலத்தில் நின்றால்தானே!

வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் முன்னும் பின்னும் ``` போடுங்கள், ஒரே அகல எழுத்தில் காட்டும், கோணாது. ஆனால் போனின் அகலத்துக்கு மிஞ்சினால் வரி மடங்கும்.

கதவு நிலை செய்கிற மச்சானுக்கு முக்கோணத்தை அப்படித்தான் அனுப்பினேன். அவன் மூலைகளை ஒவ்வொன்றாக விரலால் மறைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக் கதைத்தான்: "எந்த மூலையை மறைச்சாலும் மிச்சம் ரெண்டும் சரியான பொருத்துத்தான், மூண்டும் சேந்தாத்தான் பிழைக்குது. எங்கயடா ஏமாத்துறாய்?" படம் சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

ஒஸ்திரேலியாவில் பேர்த் நகரில் இதைச் சிலையாகவே நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொன்னேன். உண்மையில் மூடாத வடிவம், குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் மட்டும் மூடியதுபோலத் தெரியும். இப்போது அவனுக்கும் பிடித்துவிட்டது, மரத்திலேயே ஒன்று செய்யப் பார்க்கிறோம். ஒரே நீளத்தில் மூன்று முதிரைக் கட்டை, இரண்டு செங்கோணப் பொருத்து, அந்தரத்தில் நிற்கும் நுனியை எந்தச் சாய்வில் வெட்டுவது என்றுதான் இன்னும் சண்டை. ஒற்றைக் கண்ணால் பார்க்க வேணும், அல்லது போன் கமெராவால். அளவுப் படத்தை அவனுக்கு நோட்பாடிலேயே கீறிக்கொண்டிருக்கிறேன்.